நடிக்க வருகிற பிள்ளையிடம் சான்றிதழ் கேட்காதீர்கள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ஞாயிறு மாலையில் வெள்ளவத்தைக் கடற்கரையை விட்டுவிட்டு இந்த மண்டபத்துக்கு வந்திருக்கிற பெரியோர்களே, வணக்கம்.

"நடிப்புத் துறையில் நிலைக்கப் பெரிதும் தேவை முறையான பயிற்சியும் பின்புலமுமா, சொந்த முயற்சியா?" இதுதான் தலைப்பு. நான் சொந்த முயற்சியின் பக்கம்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் ரஜினிகாந்தைக் கொண்டுவந்து நிறுத்தினார். கண்டக்டர்தான், ஆனாலும் சென்னையில் திரைப்படக் கல்லூரியில் படித்துத்தானே வந்தார் என்று கேட்டார். ஓம், படித்தார். ஆனால் அந்தக் கல்லூரிக்குப் போக முன்பே பெங்களூரில் மேடையேறி நாடகம் நடித்தவர் அவர். டிக்கெட் கிழித்த கையோடு வேஷம் கட்டிய ஒருவரைத்தான் கல்லூரி சேர்த்துக்கொண்டது. முதலில் வந்தது எது, நடுவர் அவர்களே?

சரி, நம்மூருக்கு வருவோம். 1947இல் வெளிவந்த முதல் சிங்களப் பேசும் படத்தின் நாயகி ருக்மணி தேவி. பெற்றோர் வைத்த பெயர் டெய்சி ராசம்மா டேனியல்ஸ். தமிழ்க் குடும்பத்தில் பிறந்த அந்தப் பெண், நாடகக் குழுவோடு சேர்ந்து மேடையில் பாடியும் நடித்தும் கற்றுக்கொண்டார். சிங்களத் திரையின் அரசியாகவே ஆனார். சிங்களத் திரையின் பெரிய நாயகன் காமினி பொன்சேகாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1956இல் இயக்குநர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் முதல் முழுநீளப் படத்தில் அவர் கமராவுக்குப் பின்னால் நின்ற உதவியாள். அங்கே நின்று பார்த்த கண்தான் பிறகு அவரைக் கமராவுக்கு முன்னால் கொண்டுவந்தது. சென்னையில் விஜய் சேதுபதியும் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவுக்குக் கணக்கு எழுதத்தான் போனார். பக்கத்தில் ஒத்திகை நடந்தது, பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அது அந்தக் காலம், இப்போது யார் இடம் கொடுப்பார்கள்?" என்று எதிரணி கேட்கும். இப்போதைய கதையையே சொல்கிறேன். கொட்டாஞ்சேனையில் எனக்குத் தெரிந்த தம்பி ஒருவன் இருக்கிறான். புறக்கோட்டையில் புடவைக் கடையில் வேலை. குடும்பத்தில் சினிமாக்காரர் ஒருவரும் இல்லை. இரவு கடை பூட்டி வந்து சாப்பிட்ட பிறகு, பெட்டிகளை அடுக்கி, தன் கண் உயரத்துக்குப் போனை நிறுத்துவான். பின்னால் வெறும் சுவர். சத்தம் விழும் என்று மின்விசிறியையும் நிறுத்திவிடுவான். கொழும்பு வெக்கையில் அது லேசான காரியம் இல்லை. அவன் அக்கா போனுக்குப் பக்கத்திலேயே நின்று மற்றப் பாத்திரத்தின் வசனத்தைச் சொல்லுவாள். இவன் கமராவைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லுவான். எடுத்து முடித்ததும் ஒருமுறை சத்தத்தை நிறுத்திவிட்டுப் போட்டுப் பார்ப்பான். வசனம் கேட்காதபோது கண் பொய் சொல்வது உடனே தெரிந்துவிடும். ஆசிரியர் கண்டுபிடிக்க வேண்டிய பிழையை அவனே கண்டுபிடிக்கிறான்.

பகலில் அவன் நிற்கிற கடையும் சாமானிய இடம் இல்லை. யாழ்ப்பாணத்துப் பெரியம்மா ஒரு விதமாக விலை கேட்பார், மட்டக்களப்பு அண்ணன் இன்னொரு விதம், ஹட்டனிலிருந்து கல்யாணச் சேலை எடுக்க வருகிற குடும்பம் வேறொரு விதம். அந்தப் பேச்செல்லாம் அவன் காதுக்குள் இருக்கிறது. கே. எஸ். பாலச்சந்திரனின் 'அண்ணை றைற்' தனிநடிப்பு நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்ததுதானே? பஸ் கொண்டக்டரின் குரலும் அவசரமும் அதட்டலும் அப்படியே அதில் இருக்கும். அந்தச் சரக்கு முழுவதும் றோட்டில் கிடந்தது.

பின்புலம் பற்றி எதிரணி நிறையக் கவலைப்பட்டது. இந்தத் தம்பி முதலில் குறும்படம் எடுக்கிற பையன்களோடு சேர்ந்து லைட் தூக்கினான். வருவேன் என்ற நேரத்துக்கு வந்தான், தேத்தண்ணியும் வாங்கிக் கொடுத்தான். அடுத்த படத்தில் இரண்டு வரி வசனம் கிடைத்தது. அதற்கடுத்த படத்துக்கு அவர்களே கூப்பிட்டார்கள். தெரிந்தவர்கள் இப்படித்தான் சேருவார்கள். ஒரு விஷயம் மட்டும் இங்கே இருக்கிற பிள்ளைகள் கேளுங்கள்: வாய்ப்புத் தருகிறேன், முதலில் காசு கட்டு என்று எவராவது சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள். நடிக்கிறவருக்குத்தான் சம்பளம்.

பயிற்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தொண்டையைக் கிழிக்காமல் கத்துவது எப்படி என்று சொல்லித்தர ஆள் கிடைத்தால் ஓடிப் போய்க் கற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் வீட்டுக்குச் சம்பளம் கொண்டுவர வேண்டிய பிள்ளையிடம் வேலையை விட்டுவிட்டு முழுநேரம் படித்துவிட்டு வா, அதுவரை நீ நடிகன் இல்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அதைத்தான் நான் மறுக்கிறேன்.

எதிரணியின் அடுத்த பேச்சாளருக்கு ஒரு கேள்வி, அக்கா. அல்லைப்பிட்டியில் பிறந்து, பிரான்சுக்கு அகதியாகப் போய், கடையில் சாமான் அடுக்கியும் பாத்திரம் கழுவியும் பிழைத்தவர் ஷோபாசக்தி. எழுத்தாளராக நமக்கு அவரைத் தெரியும். அவர் நாயகனாக நடித்த ழாக் ஓடியாரின் படம் 2015இல் கான் திரைப்பட விழாவின் மிக உயர்ந்த பரிசான தங்கப் பனை விருதை வாங்கியது. அவரிடம் அந்த இயக்குநர் எந்தச் சான்றிதழைக் கேட்டிருக்க வேண்டும்? அதற்குப் பதில் சொல்லிவிட்டு அப்புறம் உங்கள் வாதத்தைத் தொடங்குங்கள்.

வணக்கம்.