வீட்டை நாடாத சிட்டு

நேயர்களுக்கு வணக்கம்.

அடைக்கலாங்குருவிக்கு, அதாவது வீட்டுச் சிட்டுக்குருவிக்கு, பேச ஆள் இருக்கிறது. மார்ச் 20 சிட்டுக்குருவி தினம் வந்தால் பள்ளிக்கூடங்களில் அட்டைப்பெட்டியில் கூடு செய்து தொங்கவிடுகிறார்கள், படம் எடுக்கிறார்கள், செல்போன் கோபுரத்தைத் திட்டுகிறார்கள். நல்லதுதான், நடக்கட்டும். நான் இன்று பேச வந்தது அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு சிட்டைப் பற்றி. ஓட்டு வீட்டு இறவாரத்தையும் பலசரக்குக் கடை வாசலையும் பெரும்பாலும் எட்டிப் பார்க்காமல், மரத்தில் பிறந்து மரத்திலேயே காலம் தள்ளுகிற சிட்டு அது. பறவை பார்ப்பவர்கள் அதை மஞ்சள்தொண்டைச் சிட்டு என்கிறார்கள். இதைக் கேட்டுக்கொண்டிருக்கிற உங்களில் பலருடைய விளையிலேயே, தோட்டத்திலேயே அது உட்கார்ந்திருக்கலாம். குருவி என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போயிருப்பீர்கள், அவ்வளவுதான்.

எங்கே தேடுவது என்பதிலிருந்து தொடங்குகிறேன். நம் கன்னியாகுமரி மாவட்டம் சின்னதுதான். ஆனால் மேற்குக்கும் கிழக்குக்கும் ரொம்ப வித்தியாசம். பேச்சிப்பாறையிலும் பெருஞ்சாணியிலும் ஆனி ஆடி மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது ஆரல்வாய்மொழியில் காற்று மட்டும்தான் அடிக்கும். ரப்பர் தோட்டமும் அடர்ந்த காடும் ஈரமும் உள்ள அந்த மேற்குப் பக்கம் இந்தச் சிட்டுக்குப் பிடித்த இடமல்ல. அதற்கு வேண்டியது காய்ந்த நிலம், இடைவெளி விட்டு நிற்கும் மரங்கள், பக்கத்தில் கொஞ்சம் விவசாயம். தோவாளை, ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காற்றாடிகளின் அடிவாரம், மருந்துவாழ்மலையைச் சுற்றியுள்ள பனைவிளைகள், உடைமரமும் வேம்பும் நிற்கிற பொத்தை என்கிற சிறு குன்றுகளின் ஓரங்கள் இந்த மாதிரி இடங்கள். அடர்ந்த காட்டுக்குள் போக வேண்டியதில்லை. ஒற்றையடிப்பாதை, பழைய புளியமரம், பக்கத்தில் ஒரு கிணறு இருந்தால் போதும், நின்று பார்க்கலாம்.

இனி, எப்படி அடையாளம் காண்பது. பெயரில் மஞ்சள் தொண்டை இருக்கிறதே என்று எடுத்த எடுப்பில் மஞ்சளைத் தேடாதீர்கள். அதுதான் கடைசியில் தெரிகிற அடையாளம். தொண்டை முழுக்க மஞ்சளாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போகிறவர்கள் ஏமாந்து திரும்புவார்கள். மஞ்சள் தொட்ட விரலை ஒரு தடவை வைத்து எடுத்த மாதிரி, கழுத்துக்கு முன்னால் சின்னதாக ஒரு பொட்டு. அதுவும் ஆண் குருவிக்குத்தான் எடுப்பாக இருக்கும். பெண்ணுக்கு மங்கலாக இருக்கும், பல சமயம் இருப்பதே தெரியாது. குருவி தலையைக் குனிந்தால் ஆணுக்கும் மறைந்துவிடும். மரத்தின் உச்சிக் கொம்பில் வானத்துக்கு எதிராக உட்கார்ந்திருந்தால் மஞ்சளாவது கறுப்பாவது, வெறும் நிழல்தான் தெரியும். காலையில் பார்க்கப் போகிறவர்கள் கிழக்கே முதுகைக் காட்டி நில்லுங்கள். வெயில் குருவியின் மேல் விழும், உங்கள் கண்ணில் விழாது. பைனாகுலர் இல்லாதவர்களுக்கு இது பாதி பைனாகுலர்.

முதலில் முதுகைப் பாருங்கள். அடைக்கலாங்குருவியின் முதுகில் ஆணானாலும் பெண்ணானாலும் கறுப்பும் பழுப்புமாகக் கோடுகள் ஓடும். மஞ்சள்தொண்டைச் சிட்டின் முதுகில் கோடே கிடையாது. சாம்பல் கலந்த பழுப்பு நிறம், ஒரே சீராக, சுத்தமாக இருக்கும். எனக்குக் கேட்டால் இது ஒன்றே பாதி விடையைக் கொடுத்துவிடும்.

அடுத்தது இறக்கை. மடக்கி வைத்திருக்கும் இறக்கையில் குறுக்கே இரண்டு வெள்ளைப் பட்டைகள் தெரியும். மேலே உள்ளது அகலமாகவும் பளிச்சென்றும் இருக்கும், கீழே உள்ளது மெல்லியது. ஆணுக்கு அந்த மேல்பட்டைக்கும் மேலே, தோளில், செங்கல் நிறத்தில் ஒரு திட்டு. பெண்ணுக்கு அது வெளிறிப்போய் இருக்கும். அடைக்கலாங்குருவியின் ஆணுக்கும் இறக்கையில் செம்பழுப்பும் ஒரு வெள்ளைப் பட்டையும் உண்டு என்பதால், செம்பழுப்பைப் பார்த்தவுடனே முடிவுக்கு வந்துவிடக் கூடாது. பட்டை ஒன்றா இரண்டா என்று பார்த்துவிட்டுக் கன்னத்துக்கு வாருங்கள். அடைக்கலாங்குருவி ஆணுக்குக் கன்னம் வெளுத்து, தொண்டையிலிருந்து மார்பு வரை கறுப்பு இறங்கியிருக்கும். நம் சிட்டுக்குக் கறுப்பு மார்பே இல்லை. அடிவயிறு வரை வெளிறிய நிறம்தான்.

மூன்றாவது அலகு. வீட்டுச் சிட்டின் அலகு தடியாக, நெல்லை உடைப்பதற்கென்றே செய்தது. இதன் அலகு மெலிந்து, நீண்டு, கூர்மையாக இருக்கும். இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் அலகு கறுத்துவிடும், மற்ற நாட்களில் பழுப்பு. உடம்பும் அப்படித்தான், சுமார் 14 சென்டிமீட்டர் நீளம், அடைக்கலாங்குருவியைவிடக் கொஞ்சம் சின்னது, ஒல்லி. ஆனால் அளவை நம்பிப் பறவையை முடிவு செய்யாதீர்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வேன். தூரத்தில் இருக்கும்போது எல்லாக் குருவியும் சின்னதுதான்.

பெண் குருவியில்தான் குழப்பம் வரும். பெண் அடைக்கலாங்குருவிக்குக் கண்ணுக்குப் பின்னால் வெளிறிய புருவக்கோடு ஒன்று நன்றாகத் தெரியும், முதுகில் கோடுகள் இருக்கும். தேரூர், சுசீந்திரம் குளத்தோரங்களில் கூட்டமாகத் திரிகிற தூக்கணாங்குருவியின் பெண்ணுக்கும் முதுகு முழுக்கக் கோடு, அலகு தடிமன். நெல்வயலில் கும்பல் கும்பலாக எழும்புகிற சில்லைகள் இன்னும் சின்னவை, அலகு முக்கோணமாக, தலைக்கே பெரிதாக இருக்கும். இந்த மூன்றையும் கழித்துவிட்டால், கோடில்லாத முதுகும் இரண்டு பட்டையும் மெலிந்த அலகுமாக மீதி நிற்பது இதுதான்.

கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் காதால் கேட்பது சுலபம், வானொலியில் பேசுவதால் இதைச் சொல்லவில்லை. அடைக்கலாங்குருவியின் கீச்சொலியை எல்லாரும் அறிவார்கள். அந்தச் சத்தத்தையே கொஞ்சம் இளக்கி, இனிமையாக்கிச் சொன்னால் இதன் குரல். வெயில் ஏறுகிற காலத்தில் ஆண் ஒரு மரத்தின் உச்சியிலோ மின்கம்பியிலோ உட்கார்ந்து, சில்ப், சல்ப், சொல்ப்... சில்ப், சல்ப், சொல்ப்... என்று நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். நான் வாயால் சொல்வது அதன் சாயல்தான். பாட்டு என்று சொன்னால் குயிலுக்குக் கோபம் வரும். ஏற்ற இறக்கம் ரொம்ப இல்லை, ஆனால் ஒரு தாளம் உண்டு. ஒவ்வொரு அசைக்கும் நடுவில் சின்ன இடைவெளி விட்டு விட்டுச் சொல்லும். அதே நேரத்தில் பக்கத்து ஆலமரத்தில் குக்குறுவான் பறவை டொக் டொக்கென்று அடித்துக்கொண்டிருக்கும். அதன் ஒலி ஒரே சுருதி, உலோகத்தைத் தட்டுகிற சத்தம். நம் சிட்டின் அசைகள் ஒன்றுக்கொன்று லேசாக மாறும். இந்த இரண்டையும் பிரித்துக் கேட்கப் பழகிவிட்டால், பங்குனி சித்திரையில் நடந்துகொண்டே எத்தனை ஆண் குருவிகள் பாடுகின்றன என்று சொல்லிவிடலாம். செல்போனில் பறவைக் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் செயலிகள் வந்துவிட்டன. வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் முதலில் நீங்கள் ஒரு பெயரைச் சொல்லுங்கள், பிறகு அது சொல்லட்டும். அப்போதுதான் காது பழகும்.

நடத்தையும் பெரிய அடையாளம். அடைக்கலாங்குருவி தரைக்காரன். சாக்கு மூட்டையடியில், களத்தில், பஸ் ஸ்டாண்டில் தத்தித் தத்திப் பொறுக்கும். இது பெரும்பகுதி நேரம் கொம்பிலேயே இருக்கும். புல்விதைக்கும் சிந்திய தானியத்துக்கும் தரையில் இறங்கும், ஆனால் ஆள் வந்தால் எழும்பி மரத்துக்குத்தான் போகும். பறக்கும்போது நேராகப் போகாமல் ஏறி ஏறி இறங்கிப் போகும். கும்பப்பூ நெல் அறுவடை முடிந்து வயல் தாளாகக் கிடக்கும்போதும், காய்ந்த காட்டுநிலத்தில் புல் விதை முற்றியிருக்கும்போதும் கூட்டமாக இறங்குவதைப் பார்க்கலாம்.

இதன் சாப்பாட்டில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் பூந்தேன். விதை, புழு, பூச்சி, சின்னப் பழங்கள் எல்லாம் தின்னும், அதோடு தேனும் குடிக்கும். கல்யாண முருங்கை சிவந்து பூக்கும்போதும், இலவம் பூக்கும்போதும், இலுப்பை பூக்கும்போதும் மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். மைனா, தேன்சிட்டு, கரிச்சான் எல்லாம் வந்து போகிற சந்தடியில் இதுவும் இருக்கும். மெலிந்த அலகு அப்போதுதான் உதவுகிறது. பூவுக்குள் தலையை நுழைப்பதால் நெற்றி இறகுகளில் மகரந்தம் அப்பி ஒட்டிக்கொள்ளும். அந்த நிறத்தைப் பார்த்து இது வேறு ஏதோ பறவை என்று புத்தகத்தைப் புரட்டாதீர்கள். மறுநாள் குளித்துவிட்டு வந்தால் பழைய நெற்றிதான்.

இந்தச் சாதாரணக் குருவிக்கு இந்தியப் பறவையியலில் ஒரு பெரிய இடம் உண்டு. 1896-இல் பம்பாயில் பிறந்த சலீம் அலி, பத்துப் பன்னிரண்டு வயசுப் பையனாக இருந்தபோது ஏர்கன்னால் ஒரு குருவியைச் சுட்டான். எடுத்துப் பார்த்தால் வழக்கமான குருவி மாதிரிதான், ஆனால் தொண்டையில் ஒரு மஞ்சள் பொட்டு. பையனுக்குக் குழப்பம். வளர்த்த மாமா அமிருதீன் தயாப்ஜியிடம் கொண்டு போனான். அவருக்கும் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்து அனுப்பினார். அங்கே கௌரவச் செயலாளராக இருந்த மில்லர்ட், குருவியைப் பார்த்துப் பெயரைச் சொல்லிவிட்டு வாசலோடு அனுப்பியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. அலமாரி இழுப்பறைகளைத் திறந்து, பாடம் செய்து வைத்திருந்த குருவிகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். பையனின் வாழ்க்கை அந்த இழுப்பறையிலிருந்து வேறு பக்கம் திரும்பியது. கடைசிக் காலத்தில், 1985-இல் வெளிவந்த தன் சுயசரிதைக்கு அந்தக் குருவி விழுந்ததையே தலைப்பாக வைத்தார். ஏர்கன்னை நான் சிபாரிசு செய்யவில்லை. குழந்தை ஒரு கேள்வியோடு வந்தால் இழுப்பறையைத் திறக்கிற பெரியவர் ஒருவர் இருந்தார் என்பதுதான் எனக்கு முக்கியம்.

அதே சலீம் அலி 1933-இல் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் பறவைகளை ஆராய வந்தார். நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது 1956 நவம்பர் 1-இல்தான், அதற்கு முன் திருவிதாங்கூரில்தானே இருந்தோம். ஆகவே நம் தென்கோடியும் அவர் ஆராய வந்த எல்லைக்குள் இருந்தது. பம்பாய்ப் பையனைத் திருப்பிவிட்ட குருவி இங்கேயும் உண்டு என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், அவர்கள் தாமாகவே தேடுவார்கள்.

கூடு விஷயத்துக்கு வருகிறேன். தூக்கணாங்குருவி மாதிரி இது பின்னாது. மரப்பொந்து தேடும். மரங்கொத்தியும் குக்குறுவானும் குடைந்துவிட்டுப் போன பழைய பொந்து, பட்டுப்போன கொம்பில் இயற்கையாக விழுந்த ஓட்டை, சில சமயம் சுவரிலுள்ள துவாரம், இரும்புக் குழாயின் வாய்கூட அதற்குப் போதும். உள்ளே புல்லும் மயிரும் இறகும் வைத்து மெத்தையாக்கி, மூன்று நான்கு முட்டை இடும். வெளிறிய பச்சை கலந்த வெள்ளையில் பழுப்புக் கறைகள். ஆகவே நீங்கள் திண்ணையில் தொங்கவிடுகிற அட்டைப்பெட்டிக்கு இது வரும் என்று காத்திருக்க வேண்டாம். இதற்கு வேண்டியது பட்ட மரம். நம் ஊரில் பட்ட மரத்தைக் கண்டால் யாருக்கும் பொறுக்காது, விறகுக்கு ஆகும் என்று உடனே கோடாலியைத் தேடுவார்கள். ரோட்டை அகலப்படுத்தும்போது முதலில் போவதும் பொந்து விழுந்த பழைய புளிதான். வீட்டு மேலும் மின்கம்பியிலும் விழுகிற நிலையில் இருந்தால் வெட்டத்தான் வேண்டும். விளையின் மூலையில் யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் நிற்கிற மொட்டைப் பனையையும் பாதி காய்ந்த வேம்பையும் ஏன் தொட வேண்டும்? குக்குறுவான் குடையாத ஊரில் இந்தச் சிட்டுக்கு வாடகைக்கும் வீடு கிடைக்காது.

பொந்தைக் கண்டுபிடித்தவர்கள் தயவுசெய்து ஏணி வைக்காதீர்கள், டார்ச் அடிக்காதீர்கள். தள்ளி நின்றால் போதும். அலகில் புல்லோடு போனால் கூடு கட்டுகிறது, புழுவோடு போனால் குஞ்சு இருக்கிறது. ஆள் நிற்பதைப் பார்த்துக் குருவி பக்கத்துக் கொம்பில் உட்கார்ந்து உள்ளே போகாமல் தயங்கினால் நீங்கள் கிட்டத்தில் நிற்கிறீர்கள் என்று அர்த்தம். பின்னால் போய்விடுங்கள்.

கடைசியாக, குஞ்சுகள் வெளியே வந்த பிறகு ஒரு சங்கடம் உண்டு. இளம் குருவிகள் தாயைப் போலவே மங்கலாக, மஞ்சள் பொட்டில்லாமல் இருக்கும். அந்த நாட்களில் ஒரு மரத்தில் பல குருவிகளைப் பார்த்தும் ஒரு மஞ்சள்கூடக் கண்ணில் படாமல் போகலாம். அப்போது தேதி, இடம், மரத்தின் பெயர், முதுகில் கோடு இருந்ததா, பட்டை எத்தனை, என்ன சத்தம், இவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பெயர் தெரியாவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடுங்கள். தை மாசியில் அதே மரத்தடிக்குப் போய்ப் பார்த்து நிரப்பலாம்.

நன்றி, வணக்கம்.