முதலில் அளந்து பாருங்கள், அப்புறம் சிப் வாங்குங்கள்

முதல்வர் ஐயா அவர்களே, துறைத் தலைவர் அம்மா அவர்களே, காலையிலிருந்து மைக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் ஆய்வக உதவியாளர் தம்பி அவர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம். சால்வைக்கு நன்றி. மேடையில் இன்று போர்த்திய சால்வைகளின் விலையைக் கூட்டினால் கரன்ட் அளக்கும் மல்ட்டிமீட்டர் இரண்டு வாங்கலாம். கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்த விஷயத்துக்குத்தான் வரப்போகிறேன்.

பேட்டரியில் ஓடும் கருவிக்கு மைக்ரோகன்ட்ரோலரை, அதாவது கருவியின் மூளையான சிப்பை, எப்படித் தேர்ந்தெடுப்பது? மூன்று விஷயம் சொல்ல வந்தேன்: வேலையில்லாமல் தூங்கும்போது எவ்வளவு கரன்ட், விழிக்க எவ்வளவு நேரம், விழித்த பிறகு எவ்வளவு வேலை. என் பாட்டி அடிக்கடி சொல்வாள், 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்று. முதல் விஷயத்துக்கு அதுதான் சூத்திரம்.

பொள்ளாச்சிப் பக்கம் என் மச்சானுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. மண் ஈரம் பார்க்க ஒரு கருவி செய்து கொடுத்தேன். ஏடிமெகா328பி சிப் உள்ள போர்டு, 2500 மில்லிஆம்பியர்-மணி லித்தியம் செல். தூக்கத்தில் 0.1 மைக்ரோஆம்பியர் (மில்லிஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரோஆம்பியர்) என்று சிப் கம்பெனி தரும் விவரத்தாளான டேட்டாஷீட்டின் முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது. "வருஷக்கணக்கில் ஓடும்" என்று தோப்பில் நின்று சவால் விட்டேன். இளநீர்கூட வெட்டிக் கொடுத்தார். பன்னிரண்டாம் நாள் போன். "என்ன மாப்ளே, உன் மிஷினுக்கு என் மாட்டைவிடப் பசி அதிகமா இருக்கே!"

ஒரு நண்பர் எஸ்டிஎம்32எல் வரிசைக்கு மாறச் சொன்னார், இன்னொருவர் எம்எஸ்பி430 என்றார். இரண்டும் நல்ல சிப்தான். ஆர்டர் போடும் முன் மீட்டரைத் தொடராக மாட்டிப் பார்த்தேன். தூங்கும் போர்டு 9 மில்லிஆம்பியர் இழுத்துக்கொண்டிருந்தது! சிப் தூங்கத்தான் செய்தது. விழித்திருந்தது பவர் எல்இடியும் வோல்டேஜ் ரெகுலேட்டரும். எல்இடியைப் பிடுங்கினேன், ரெகுலேட்டரை மாற்றினேன். 15 மைக்ரோஆம்பியருக்கு இறங்கியது. தூக்கத்தை மட்டும் கணக்குப் பார்த்தால் 19 வருடம் வருகிறது. அதற்குள் செல் தானாகவே வடிந்துவிடும், அது வேறு கதை. மச்சானிடம் 19 என்று சொல்லவில்லை.

அந்த 0.1-உம் பொய்யில்லை. அது 1.8 வோல்ட், 25 டிகிரி, வாட்ச்டாக் (சிப் திணறி நின்றால் ரீசெட் செய்யும் காவல் கடிகாரம்) நிறுத்திய நிலைக்கான எண். வாட்ச்டாக் ஓடினால் 3 வோல்ட்டில் 4 மைக்ரோஆம்பியரைத் தாண்டும். மற்ற சிப்களின் முதல் பக்க எண்ணையும் இப்படித்தான் படிக்க வேண்டும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு!

ஆனால் எதை வைத்து அளப்பது? சாதா மீட்டரை மைக்ரோஆம்பியர் ரேஞ்சில் வைத்தால், சிப் விழித்த நொடியில் மீட்டரே வோல்டேஜைத் தின்று சிப்பை ரீசெட் செய்துவிடும். அதனால்தான் ஐயா, பத்து வருடமாகப் போகிற கல்லூரியிலெல்லாம் கேட்கிறேன்: புது டெவலப்மென்ட் போர்டுகள் அப்புறம் வரட்டும். முதலில் மைக்ரோஆம்பியரும் மில்லிஆம்பியரும் ஒருசேர அளக்கும் கருவி ஆய்வகத்துக்கு வரட்டும்.

நேரம் முடிந்தது என்று துண்டுச் சீட்டு வந்துவிட்டது. மீதி இரண்டையும் டீ குடிக்கும்போது கேளுங்கள். முதல்வர் ஐயா தலையாட்டுகிறார், மகிழ்ச்சி. எத்தனை மேசைக்கு என்பதையும் இங்கேயே சொல்லிவிட்டால் நான் ஊருக்குக் கிளம்புவேன்.