ரயிலும் படகும் விட்டுப்போன வழி

எல்லோருக்கும் வணக்கம்.

பிரான்ஸில் பர்கண்டி என்றொரு பகுதி, திராட்சைத் தோட்டங்களுக்குப் பேர்போனது. அங்கே குளூனி என்ற சிறு நகரத்திலிருந்து வடக்கே ஜிவ்ரி வரை 44 கிலோமீட்டருக்கு ஒரு சைக்கிள் பாதை போகிறது. கிளம்பிய கொஞ்ச நேரத்தில் பாதையை ஒட்டி ஒரு குட்டி வீடு வந்தது. ஓட்டுக்கூரை, சின்ன ஜன்னல்கள், வாசலில் ரோஜாச் செடி. இன்னும் கொஞ்ச தூரம் போனதும் அதே அச்சில் வார்த்த மாதிரி இன்னொரு வீடு. அப்புறம் இன்னொன்று. கிராமத்துச் சாலை ஏதாவது பாதையைக் குறுக்கே வெட்டுகிற இடத்தில்தான் எல்லாமே நின்றன. மூன்றாவது வீட்டைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது, அவையெல்லாம் ரயில்வே கேட்கீப்பர் வீடுகள் என்று. ஒரு காலத்தில் தண்டவாளம் கிடந்த இடத்தின் மேல் நான் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

பிரான்ஸின் முதல் 'வுவா வெர்த்' இதுதான். பசுமைவழி என்று பொருள். 1997-இல் திறந்தார்கள். 2004-இல் நாட்டின் சாலை விதிகளுக்குள்ளேயே இந்தச் சொல் ஏறிவிட்டது. மோட்டார் வண்டிக்கு அங்கே இடமில்லை. சைக்கிளில் போகிறவர், நடப்பவர், சக்கர நாற்காலியில் போகிறவர், சில இடங்களில் குதிரையில் போகிறவர் என்று இவர்களுக்கு மட்டும்தான் அந்தப் பாதை. பின்னால் லாரி வருகிறதா என்று ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல் நாள் முழுக்கச் சைக்கிள் ஓட்டினால் கழுத்தும் தோளும் எப்படி இளகிப்போகின்றன என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். அதுவரை அவ்வளவு இறுக்கமாக ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது.

அந்த ஊர் நிலம் இயல்பிலேயே சமமானது என்று நினைத்துவிடாதீர்கள். பர்கண்டி முழுக்கக் குன்றும் பள்ளமும்தான். பக்கத்துச் சாலையில் போனால் ஏறி இறங்கியே தொடை வலி எடுத்துவிடும். ஆனால் ரயிலுக்கு ஏற்றம் ஆகாது. இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் வழுக்கும். அதனால் குன்று வந்தால் வெட்டினார்கள், பள்ளம் வந்தால் மண்ணைக் கொட்டி மேடாக்கினார்கள், எதுவும் முடியாவிட்டால் குடைந்தார்கள். நூறு மீட்டருக்கு மூன்று மீட்டர் ஏற்றம் என்பதே அந்தக் கால ரயில்காரர்களுக்கு அதிகம். நீராவி எஞ்சினுக்காகச் சமப்படுத்திய அந்த வழி இன்று எழுபது வயது முழங்காலுக்கு உதவுகிறது.

பிரான்ஸில் இத்தனை ரயில் பாதைகள் எங்கிருந்து வந்தன? 1870-களின் கடைசியில் ஷார்ல் த ஃப்ரேசினே என்பவர் பொதுப்பணித் துறை அமைச்சராக இருந்தார். சின்னச் சின்ன வட்டாரத் தலைநகர் ஒவ்வொன்றுக்கும் ரயில் போய்ச் சேர வேண்டும் என்பது அவருடைய திட்டம். 1879-இல் சட்டம் வந்தது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கிளைப் பாதைகள் போட்டார்கள். பிறகு பஸ்ஸும் லாரியும் காரும் வந்தன, கிளைப் பாதைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனாலும் வெட்டிய குன்றையும் கட்டிய பாலத்தையும் யாரும் பெயர்த்துக்கொண்டு போகவில்லை. அவற்றின் மேல் முள்ளும் புதரும் மண்டிக் கிடந்தன. அந்த நிலத்தைத் துண்டு துண்டாக விற்றுவிடாமல் சைக்கிளுக்கு என்று திறந்துவிட்டார்களே, அதை ஒரு பெரிய பொதுக் காரியம் என்றே நான் சொல்வேன்.

குளூனிக்குத் தெற்கேயும் அந்தப் பாதை நீள்கிறது, அங்கே புவா கிளேர் என்ற சுரங்கத்துக்குள் நுழைகிறது. நீளம் 1.6 கிலோமீட்டர். நான் போனது நல்ல வெயில் நாளில். வாயில் நெருங்கும்போதே உள்ளிருந்து குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. உள்ளே போனதும் கை மயிர் சிலிர்த்தது. வெளியே எத்தனை வெயில் என்றாலும் ஒரு ஸ்வெட்டர் வேண்டும். சுவரில் ஈரம் மினுங்குகிறது. செயின் சுற்றுகிற சத்தம், வெளியே காதில் விழாதது, அங்கே பெரிதாகக் கேட்கிறது. குளிர்காலத்தில் இந்தச் சுரங்கத்தை மூடிவிடுகிறார்கள். காரணம் வௌவால்கள். அவை குளிர்காலம் முழுக்க அங்கே உறங்குகின்றன, எழுப்பினால் சேர்த்துவைத்த கொழுப்பு தீர்ந்து செத்துப்போகும். ஆகவே அந்த மாதங்களில் சைக்கிள்காரர்கள் மேலே குன்றைச் சுற்றி ஏறித்தான் போக வேண்டும். எனக்கு இது மிகவும் பிடித்திருந்தது. ரயில் போன பிறகு அங்கே குடியேறிய உயிருக்கும் அந்தப் பாதையில் உரிமை கொடுத்திருக்கிறார்கள்.

தென்மேற்கில் போர்தோ நகரத்துப் பக்கம் போனால் இதே மாதிரி இன்னொரு பழைய ரயில் பாதை, ரோஜே லபேபி பெயரில். அவர் 1937-இல் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்றவர். பந்தயத்தில் கியர் மாற்றும் கருவியை முதல்முறையாக அனுமதித்த வருடம் அது. அந்தப் பாதையில் கிரேயோன் என்ற ஊரின் பழைய ரயில் நிலையம் இப்போது சைக்கிள் நிலையமாக இருக்கிறது. அவர் வென்றதற்கு முந்தைய வருடம், 1936-இல், பிரெஞ்சுத் தொழிலாளர்களுக்குச் சம்பளத்தோடு இரண்டு வார விடுமுறை சட்டமானது. அந்தக் கோடையில் எத்தனையோ பேர் வாழ்க்கையில் முதல்முறையாக ஊரைப் பார்க்கக் கிளம்பினார்கள். காசில்லாதவர்களுக்குச் சைக்கிள்தான் வண்டி. கணவனும் மனைவியும் ஒரே இரட்டைச் சைக்கிளில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு போனார்கள். சைக்கிள் பயணம் அங்கே அப்படித்தான் சாதாரண ஜனங்களின் கைக்கு வந்தது.

சரி, ரயில் போதும். தண்ணீருக்கு வருகிறேன்.

துலூஸ் நகரத்திலிருந்து மத்தியதரைக் கடல் பக்கம் வரை 240 கிலோமீட்டர் போகிறது கனால் து மிதி என்ற கால்வாய். 1666-இல் பதினான்காம் லூயி ஆணை பிறப்பித்தார். தலைமேல் போட்டுக்கொண்டு செய்தவர் பியர் பால் ரிக்கே. உப்பு வரி வசூலித்தவர், பொறியாளர் படிப்பு எதுவும் இல்லாதவர். சொந்தச் சொத்தையும் இதில் போட்டார். 1681-இல் கால்வாய் திறந்தது, ஆனால் அவர் அதற்குச் சில மாதங்கள் முன்பே, 1680-இல், இறந்துவிட்டார். அந்தக் காலத்தில் படகைக் கரையிலிருந்து குதிரை இழுத்துக்கொண்டு போகும். குதிரை நடந்த அந்தக் கரையில்தான் இன்று நாம் சைக்கிள் ஓட்டுகிறோம். தண்ணீர் ரயிலைவிடக் கண்டிப்பானது, அதற்குத் துளியும் சரிவு கூடாது. அதனால் மேட்டைத் தாண்ட வேண்டிய இடத்தில் லாக் கட்டினார்கள். இரண்டு பக்கமும் கதவு வைத்த தொட்டி. படகை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தி, தண்ணீரை நிரப்பி மேலே ஏற்றுவார்கள், அல்லது வடித்துக் கீழே இறக்குவார்கள்.

இந்தக் கால்வாயின் லாக் தொட்டி செவ்வகமாக இருக்காது, நடுவில் உப்பி முட்டை வடிவில் இருக்கும். ஆரம்பத்தில் நேர்ச் சுவர் கட்டிப் பார்த்தார்கள், வெளியே இருந்த மண் தள்ளியதில் சுவர் சரிந்தது. அப்புறம் வளைத்துக் கட்டினார்கள். பாலத்தின் வளைவு மேலே இருக்கும் பாரத்தைத் தாங்குவது போல இந்த வளைவு பக்கவாட்டு மண்ணைத் தாங்குகிறது. முன்னூறு வருடங்களுக்கு மேலாகியும் நிற்கிறது. பக்கத்தில் லாக் காவலரின் வீடு. சுவரில் ஒரு பலகை. அந்த லாக்கின் பெயர், மேற்கே அடுத்த லாக் எத்தனை மீட்டர், கிழக்கே அடுத்தது எத்தனை மீட்டர் என்று அதில் எழுதியிருக்கும். நான் இறங்கி ஒவ்வொன்றையும் படித்தேன். கிலோமீட்டர் மானியைப் பார்ப்பதைவிட அதில் ஒரு நிறைவு இருந்தது.

துலூஸிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் போனால் நோரூஸ். கால்வாயின் உச்சி அதுதான், கடல் மட்டத்திலிருந்து 189 மீட்டர். துலூஸிலிருந்து மொத்தமாக ஏறியது 60 மீட்டர்கூட இல்லை. ஏறினோம் என்பதே காலுக்குத் தெரியாது. கறுப்பு மலை என்ற மலைத்தொடரிலிருந்து ரிக்கே திருப்பிக் கொண்டுவந்த தண்ணீர் அங்கே வந்து சேர்ந்து இரண்டாகப் பிரிகிறது. ஒரு பக்கம் போவது அட்லாண்டிக்குக்கு, இன்னொரு பக்கம் போவது மத்தியதரைக் கடலுக்கு. நான் மரத்தடியில் உட்கார்ந்து ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றபடி அந்தத் தண்ணீரையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மரம் என்றதும் ஒரு வருத்தத்தையும் சொல்ல வேண்டும். இந்தக் கால்வாயின் அழகே இரு கரையிலும் வரிசையாக நின்ற பிளாட்டான் மரங்கள்தான். சுமார் 42,000 மரங்கள். 2006-இல் அவற்றில் ஒரு பூஞ்சை நோய் கண்டுபிடிக்கப்பட்டது. மருந்து கிடையாது. வேரோடு வேர் உரசியும், கரையை உரசும் படகுகளாலும் பரவுகிறது. ஆயிரக்கணக்கில் வெட்டி எரித்தார்கள். நிழலில் வந்துகொண்டே இருப்போம், சட்டென்று மொட்டைக் கரை, தலையில் வெயில். அங்கே நட்டிருப்பது வேறு வேறு இனக் கன்றுகள். ஒரே இனத்தை நட்டால் ஒரே நோயில் எல்லாம் போய்விடும் என்று பட்டுத் தெரிந்துகொண்டார்கள். அவை குடையாக விரிவதைப் பார்க்க நம் பேரப்பிள்ளைகள் போக வேண்டும்.

போகிறவர்களுக்கு இன்னும் சில விஷயங்கள். துலூஸிலிருந்து முதல் 50 கிலோமீட்டர் தார்ப் பாதை. அதைத் தாண்டினால் பல இடங்களில் மண்ணும் மர வேரும்தான், மழை பெய்தால் சேறு. அகலமான டயர் வேண்டும். குழந்தைகளோடு போகிறவர்கள் துலூஸிலிருந்து எதிர்த் திசையில், கரோன் கால்வாய் வழியாக மேற்கே போகலாம். அது பெரும்பாலும் வழவழப்பான பாதை. ஆஜன் ஊரில் அந்தக் கால்வாயே 23 வளைவுகள் கொண்ட பாலத்தில் ஏறி கரோன் ஆற்றைக் கடக்கிறது, நீங்களும் அதோடு கூடவே கடக்கலாம். லுவார் ஆற்றங்கரையில் 900 கிலோமீட்டருக்கு ஒரு வழி இருக்கிறது. பேர் பெற்றது, அழகானதும்கூட, ஆனால் அதில் கார் போகிற சின்னச் சாலைகளும் கலந்து வரும். முழுக்க வண்டியில்லாத பாதை என்று நம்பிப் போகாதீர்கள்.

கிராமத்துக் கடைகள் பகல் பன்னிரண்டு மணிக்குச் சாத்தினால் இரண்டு மணிக்கு மேல்தான் திறக்கும், திங்கள்கிழமை பல ரொட்டிக் கடைகளுக்கு விடுமுறை. காலையிலேயே வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தீர்ந்தால் ஊர்க் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள். பூச்செடிக்கு ஊற்றுவதற்காக அங்கே குழாய் இருக்கும், பிரெஞ்சு சைக்கிள்காரர்களும் அங்கேதான் பாட்டிலை நிரப்புவார்கள். குடிக்க ஆகாது என்று பலகை இருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள். எதிரே யார் வந்தாலும் "போன்ஷூர்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

நான் கொண்டுபோன வரைபடம் இந்த மேசையில் விரித்திருக்கிறது. மழையில் நனைந்து மடிப்பெல்லாம் கிழிந்திருக்கும், பார்த்துப் பிடியுங்கள். பென்சிலில் வட்டம் போட்டிருப்பவை நான் தண்ணீர் பிடித்த இடங்கள். ஜிவ்ரி மேலே, வலது மூலையில் இருக்கிறது. வாருங்கள், அங்கிருந்து ஆரம்பிப்போம்.