சென்ட்ரியோல் இல்லாமலே முளைக்கும் தலை

(தருமபுரியில் உயிரியல் மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஆசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

பிளனேரியா என்ற தட்டைப்புழுவை வெட்டினால் தலைத்துண்டில் வாலும் வால்துண்டில் தலையும் முளைக்கும். நியோபிளாஸ்ட் என்னும் குருத்தணுக்கள், அதாவது வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய செல்கள்தான் காரணம் என்று படித்திருப்பீர்கள். உண்மைதான். ஆனால் செல்களுக்குள் இருக்கும், நுண்ணிய புரத இழைகளாலான சட்டகத்தை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

முதலில் காயம். வெட்டிய இடத்துத் தசைகள் சுருக்குப்பையின் வாயைப் போல இறுகுகின்றன. ஓரத்துத் தோல் செல்கள் தட்டையாகிப் பரவுகின்றன. ஏறக்குறைய அரை மணி நேரத்தில் காயம் மூடிவிடுகிறது. இரண்டுமே ஆக்டின் என்னும் புரத இழைகளின் வேலை.

அடுத்தது செல் பிரிதல். இங்கேதான் பாடநூல் தடுமாறுகிறது. விலங்குச் செல் பிரிய சென்ட்ரியோல், அதாவது நுண்குழல்களாலான சிறு உருளை வடிவ உறுப்பு, வேண்டும் என்கிறோம். பிளனேரியாவின் குருத்தணுவில் சென்ட்ரியோலே கிடையாது. 2012இல் இது உறுதியானது. அது இல்லாமலே, சட்டகத்தின் குழல் வடிவ இழைகளான நுண்குழல்கள் கதிர்கோல் என்னும் இழைக்கட்டாகத் திரண்டு குரோமோசோம்களைப் பிரிக்கின்றன. குறு இழை கொண்ட மற்றச் செல்களில் சென்ட்ரியோல் உருவாகும்; அதைத் தடுத்தாலும் தலை முளைக்கிறது. கெடுவது நடைதான்: அடிப்பக்கத்தில் அசைந்து புழுவை நகர்த்தும் குறு இழைகள் (சிலியா) இல்லாமல், வழுக்கிச் செல்ல வேண்டிய புழு உடலைச் சுருக்கி நீட்டி நகர்கிறது. குறு இழைக்கு சென்ட்ரியோல் கட்டாயம். செல் பிரிவுக்கு அல்ல. நுண்குழலே கூடாமல் போனால் கதை வேறு. நம் வேலியோரம் படரும் செங்காந்தளில் உள்ள கால்ச்சிசின், நுண்குழலைக் கட்டும் புரதமான டியூபுலினைப் பிடித்துக்கொள்ளும். செல் பிரிவு பாதியில் நின்றுவிடும். கொடிய நஞ்சு அது, பள்ளியில் தொடவே வேண்டாம்.

தசை வெறும் இழுவைக் கருவியும் அல்ல. எங்கே தலை, எங்கே வால் என்ற செய்தி தசைச் செல்களில்தான் இருக்கிறது. நீளவாட்டுத் தசையிழை உருவாகாவிட்டால் மறுவளர்ச்சி தொடங்குவதே இல்லை; வட்டத் தசையிழை இல்லாவிட்டால் தலை இரண்டாகப் பிளக்கிறது. 2017இல் வெளிவந்த இந்த முடிவை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன்.

செய்து பார்க்க விரும்புவோருக்கு: வெட்டுவதற்கு ஒரு வாரம் முன்பே உணவை நிறுத்துங்கள். இரை நிறைந்த குடலை வெட்டினால் தண்ணீர் கெட்டு, துண்டு அழுகும். குளிர்ந்த பரப்பில், ஈரத்தாளின் மேல், புதிய பிளேடால் ஒரே அழுத்தில் வெட்டுங்கள். மழுங்கிய பிளேடு திசுவை நசுக்கும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் ஆகாது. இருட்டில் வையுங்கள், தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள், தலை வளரும்வரை உணவு வேண்டாம். மூன்றாம் நாள் வாக்கில் வெட்டுவாயில் நிறமற்ற வெள்ளை மொட்டு தெரியும். ஒரு வாரத்தில் கண்புள்ளிகள் வந்திருக்கும். 20 டிகிரியை ஒட்டிய குளிர்ச்சி தேவை. ஆகவே, நம் மாவட்டத்தில் இதை மார்கழி, தையில் வைத்துக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் புழு தாங்காது.