மலையில வீடு கட்டப் போறீங்களா? முதல்ல தண்ணி போற வழியைப் பாருங்க

[காட்சி: திண்டுக்கல் மாவட்டம், கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி பக்கம் ஒரு மலைச்சரிவு. சில்வர் ஓக் மரத்துல மிளகுக்கொடி, கீழ காப்பிச் செடி. மழைச் சத்தம்.]

இது ஐப்பசி மழை. ரிட்டயர் ஆனதும் மலையில வீடு கட்டணும்னு நினைக்கிறவங்க பெரும்பாலும் சித்திரையில, வைகாசியிலதான் இடம் பார்க்க வருவாங்க. ஆயிரம் மீட்டர் ஏறினா சுமார் 6 டிகிரி சூடு குறையும். வத்தலக்குண்டு வெயில்லேர்ந்து மேல வந்து நின்னா, அந்தச் சிலுசிலு காத்துக்கே அட்வான்ஸ் கொடுத்துடுவோம். நானும் என் வீட்டுக்காரரும் அப்படித்தான் கொடுத்தோம்.

இப்ப யாரு கேட்டாலும் ஒண்ணுதான் சொல்றேன். கீழ்ப்பழனி மலையில இடம் வாங்குறதுக்கு முன்னாடி, ஐப்பசி கார்த்திகையில ஒரு நாள் வந்து அந்த நிலத்துல குடை பிடிச்சு நில்லுங்க. இங்க வடகிழக்குப் பருவமழைதான் வெளுத்து வாங்கும். 2018 நவம்பர்ல கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, கொடைக்கானல் மலை வரைக்கும் வந்து மரத்தைச் சாய்ச்சு, மண்ணைச் சரிச்சுட்டுப் போச்சு. மழையில நின்னு பார்த்தாத்தான் தண்ணி எங்கேர்ந்து இறங்குது, எங்க தேங்குது, எந்தப் பள்ளம் ஓடையா மாறுதுன்னு தெரியும். கோடையில அந்த ஓடை வெறும் புல்தரையா இருக்கும். வீடு கட்ட நல்ல சமதளமாத் தெரியும்.

[காட்சி: சரிவின் குறுக்குவெட்டுப் படம். மேல் பக்கம் வெட்டின மண், கீழ் பக்கம் கொட்டின மண்.]

மலையில சமதளம் தானா கிடைக்காது. சரிவை வெட்டி, வெட்டின மண்ணை முன்னாடி கொட்டி நிரவுவாங்க. இதுல ரெண்டு ஆபத்து. வெட்டினா, மேல இருக்கிற சரிவுக்கு அடியில இருந்த தாங்கல் போயிடுது. கொட்டின மண்ணோ என்னதான் மிதிச்சாலும் பழைய மண்ணு மாதிரி இறுகாது. மழை பெஞ்சு மண்ணு தண்ணி குடிச்சதும் எடை கூடுது, மண்ணுக்கு மண்ணு இருந்த பிடி தளருது. 2009 நவம்பர்ல நீலகிரியில ஒரே மழையில அத்தனை இடத்துல சரிஞ்சு, 40 பேருக்கு மேல செத்துப்போனாங்க. அதனால வீடு முழுசும் வெட்டின பக்கத்துக் கெட்டி மண்ணுலதான் நிக்கணும். கொட்டின மண்ணு மேல பூச்செடி வைங்க, சுவர் வைக்காதீங்க. பக்கத்து மரமெல்லாம் அடியில வளைஞ்சு நின்னாலோ, தரையில நீளமா விரிசல் ஓடினாலோ, அந்த இடமே வேண்டாம்.

வெட்டின பக்கம் தாங்குசுவர் கட்டுவீங்க. அதுல வீப் ஹோல், அதாவது தண்ணி வடியுற ஓட்டை, விட்டிருக்காங்களான்னு நீங்களே எண்ணிப் பாருங்க. சுவருக்குப் பின்னாடி ஜல்லி போட்டு, நெடுகக் குழாய்த் துண்டு பதிச்சாத்தான் மண்ணுக்குள்ள இறங்கின தண்ணி வெளிய வரும். எங்க வீட்டுல கொத்தனார் பாதி ஓட்டையைச் சிமெண்டால அடைச்சுட்டார். "சுவர் பார்க்க அழகா இருக்கட்டும்மா"ன்னார். நானும் சரின்னேன். முதல் கார்த்திகையிலயே சுவர் வயிறு தள்ளிடுச்சு. இடிச்சுத் திரும்பக் கட்டினோம். கூடவே, வீட்டுக்கு மேல் பக்கம் சரிவுக்குக் குறுக்க ஒரு வாய்க்கால் வெட்டி, மழைத்தண்ணியை ரெண்டு பக்கமும் ஒதுக்கி விட்டோம். அதுதான் இன்னைக்கு வரைக்கும் வீட்டைக் காப்பாத்துது.

[காட்சி: கூரையிலிருந்து தொட்டிக்கு இறங்கும் குழாய்.]

அடுத்தது குடிக்கிற தண்ணி. மேல ஊத்து இருந்தா பம்பே வேண்டாம். 10 மீட்டர் இறக்கம் இருந்தா ஒரு கிலோ பிரஷர் தானா கிடைக்கும், கருப்பு ஓஸ் போதும். ஆனா மாசி, பங்குனியில ஊத்து நூலா ஓடும். அதுக்குத்தான் கூரைத் தண்ணி. ஆயிரம் சதுர அடி கூரைன்னா 93 சதுர மீட்டர். ஒரு மில்லிமீட்டர் மழைக்கு 93 லிட்டர். 100 மில்லிமீட்டர் மழையில, சிந்தினது போக 7,500 லிட்டராவது தேறும். ரெண்டு பேருக்கு ஒரு நாளைக்கு 200 லிட்டர்னு வச்சா, மூணு மாசத்துக்கு 18,000. அதனாலதான் எங்க தொட்டி 20,000 லிட்டர். கழிவுநீர்க் குழியை ஊத்துக்கு மேல் பக்கம் மட்டும் வச்சுடாதீங்க, உங்க ஊத்தா இருந்தாலும் சரி, கீழ் வீட்டுக்காரங்க ஊத்தா இருந்தாலும் சரி.

காகித வேலையும் இருக்கு. 1990-ல தமிழ்நாடு அரசு மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம் அமைச்சது. அந்தக் குழுமத்தோட பட்டியல்ல இருக்கிற கிராமம்னா அதோட அனுமதியும் வேணும். நிபந்தனைப் பட்டாவான்னு பாருங்க, அதாவது அரசு நிபந்தனை போட்டுக் கொடுத்த நிலமான்னு. வண்டிப்பாதை பாத்தியம் பத்திரத்துல எழுதியிருக்கான்னு பாருங்க, வாய்ச்சொல் ஒருநாளும் போதாது. வாழையை வீட்டை ஒட்டி நடாதீங்க, யானை தேடி வரும்.

[காட்சி: வாசலில் கைப்பிடி வைத்த சாய்தளம். படிகள் இல்லை.]

மத்ததையெல்லாம் விட இதை நிதானமாக் கேளுங்க. நாம அறுபது வயசுல கட்டுறோம், குடியிருக்கப் போறது எண்பதுல. பக்கவாதம் வந்து மூளை ரத்தக்குழாய் அடைச்சா, ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியை 4.5 மணி நேரத்துக்குள்ள போட்டாகணும். அதுவும் ஸ்கேன் எடுத்துப் பார்த்த பிறகுதான். ஸ்கேன் இருக்கிற ஆஸ்பத்திரி மலைக்குக் கீழ. அதனால இடம் முடிவு பண்றதுக்கு முன்னாடி, ராத்திரி ரெண்டு மணிக்கு மழையில ஒரு தடவை அந்த ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வண்டியில போய், எவ்வளவு நேரமாகுதுன்னு குறிச்சுக்கோங்க. வீடு ரோட்டு மட்டத்துலயே இருக்கட்டும். நாலு பேரு கட்டிலோட தூக்கிட்டு வர்ற மாதிரி வாசல் அகலமா வைங்க.

ஊருக்குள்ள மனுஷங்களைச் சம்பாதிச்சுக்கோங்க. ரெண்டு வருஷம் முன்னாடி ராத்திரியில வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலி. ரோட்டுல மரம் விழுந்து கிடந்தது. கீழத்தோட்டத்துத் தம்பி அரிவாளும் ரம்பமுமா ஆள் கூட்டிட்டு வந்து மரத்தை அறுத்து, ஜீப்பை விட்டான். அவன் நம்பர் எங்க வீட்டு அடுப்படிச் சுவத்துல பெரிசா எழுதியிருக்கு.

கீழ ஊருல இருக்கிற எங்க பழைய வீட்டை நாங்க விக்கலை. மலைவீட்டுக்குச் செலவு இழுத்தப்போ வித்துடலாம்னு நிறைய பேர் சொன்னாங்க. ரெண்டு பேர்ல ஒருத்தர் மட்டும் மிஞ்சுற நாள் வரும், அன்னைக்கு இறங்கிப் போக ஒரு வாசல் வேணும். இப்போதைக்கு மழை விட்டிருக்கு. மேல் வாய்க்கால்ல இலை அடைச்சிருக்கும், மம்பட்டியை எடுத்துட்டுப் போறேன்.