இடுப்பை விட்டு இறங்காத வாள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஜப்பானின் போர்வீரரான சாமுராய் என்றதும் நீண்டு வளைந்த பெரிய வாள்தான் நம் கண்முன் நிற்கும். ஆனால் அவர் இடுப்பில் இருந்தவை இரண்டு. அந்த ஜோடிக்குப் பெயர் தைஷோ. பெரிசும் சிறிசும் என்றுதான் அர்த்தம். இன்றைக்கு அந்தச் சிறிசைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

அதன் பெயர் வாகிஸாஷி. அலகு சுமார் 30 முதல் 60 செ.மீ. வரை இருக்கும். அதற்கும் சிறியது தான்தோ என்னும் குத்துவாள். ஷோகன்கள் ஆண்ட எடோ காலத்தில் (1603–1868) பயணம் போகும் வணிகர்கூட ஒரு குறுவாளைச் செருகிக்கொள்ளலாம். இரண்டையும் சேர்த்து அணிவதுதான் சாமுராய்க்கே உரிய அடையாளம்.

ஒரு வீட்டுக்கு விருந்தாளியாகப் போனால் பெரிய வாளைக் கழற்றிவிடுவார்கள். உள்ளே கொண்டுபோனாலும், உட்காரும்போது வலப்பக்கம்தான் வைக்க வேண்டும். இடப்பக்கம் இருந்தால்தானே வலது கை சட்டென்று உருவும்? 'உங்கள் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை' என்று சொல்லாமல் சொல்லும் வழக்கம் அது. சின்ன வாள் மட்டும் இடுப்பிலேயே இருக்கும்.

இன்றைய டோக்கியோவான எடோ நகரில் இருந்த ஷோகனின் கோட்டைக்குள்ளும் அப்படித்தான். 1701இல் அந்தக் கோட்டைத் தாழ்வாரத்தில் அகோ என்ற பகுதியின் பிரபு அசானோ நகானோரி, கிரா யோஷினாகா என்ற அதிகாரியை வெட்டினார். கையில் இருந்தது குறுவாள். நெற்றியிலும் முதுகிலும் காயம், கிரா பிழைத்துக்கொண்டார். பெரிய வாளாக இருந்திருந்தால் கதையே வேறு என்று எனக்குத் தோன்றும். கோட்டைக்குள் வாளை உருவிய குற்றத்துக்காக அன்றைக்கே அசானோ வயிற்றைக் கிழித்து உயிர்விட வேண்டியதாயிற்று. 1703 ஜனவரியில் அவருடைய ஆட்கள் கிராவின் தலையை எடுத்தார்கள். ஜப்பானே இன்றும் சொல்லும் 47 பேர் கதை இதுதான்.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொரு கதை. கியோத்தோவின் அவதாகுச்சி மரபைச் சேர்ந்த வாள் கொல்லர் யோஷிமித்சு, தோஷிரோ என்றும் அவரைச் சொல்வார்கள், தான்தோ செய்வதில் பெரிய கை. 1493இல் போரில் தோற்ற ஹதகேயாமா மசநாகா என்ற பிரபு, அந்தக் கொல்லர் செய்த குத்துவாளைத் தன் வயிற்றில் பாய்ச்சினாராம். இறங்கவில்லை. மறுபடி குத்தினார், அப்போதும் இல்லை. ஆத்திரத்தில் தூக்கி எறிந்தார். மருந்து அரைக்கும் இரும்புக் கலத்தைத் துளைத்துக்கொண்டு போய் நின்றதாம்! கூர் குறையவில்லை, எஜமானின் வயிற்றைக் கிழிக்கத்தான் அதற்கு மனம் வரவில்லை என்று ஊர் பேசியது. அந்தக் கலத்தின் பெயரைச் சேர்த்தே அதை யாகென் தோஷிரோ என்றார்கள்.

அதே கொல்லரின் இன்னொரு குத்துவாள் டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெயர் அட்சுஷி தோஷிரோ. அட்சுஷி என்றால் தடிமன். நீளம் ஒரு சாணுக்குப் பக்கம்தான், ஆனால் கவசத்தைத் துளைக்கும் அளவுக்கு அலகு தடித்தது.

1876இல் மெய்ஜி அரசு பொதுமக்கள் வாள் அணிந்து திரிவதைத் தடை செய்தது. அப்புறம் இரண்டுமே இடுப்பை விட்டு இறங்கின. சாமுராய் வீட்டுப் பெண்கள் தற்காப்புக்கு உடைக்குள் வைத்திருந்த கைகென் என்ற சின்னக் கத்தி மட்டும் ஓரிடத்தில் தங்கிவிட்டது. மரபு முறையில் வெள்ளை கிமோனோ உடுத்தும் மணப்பெண், பட்டுப் பையில் போட்டு, குஞ்சம் தொங்க, அதை இன்றும் இடைக்கச்சையில் செருகிக்கொள்கிறாள். பல நேரம் பைக்குள் கத்தி இருப்பதில்லை, கத்தியின் வடிவம் மட்டும்தான்.

நன்றி, வணக்கம்.