ஷீட் மேல செங்கல் வச்சிருக்கீங்களா? காத்துக்கு அது ஒரு பொருட்டே இல்ல!

வணக்கம் மக்களே! சென்னை காசிமேட்டில் ஒரு மொட்டைமாடியில் நின்று பேசுகிறேன். பின்னால் அந்தத் தகர ஷீட்டைப் பாருங்கள், நாலு மூலைக்கு நாலு செங்கல், நடுவில் பழைய ஸ்கூட்டர் டயர். வீட்டுக்கார அக்காவிடம் கேட்டால், "காத்து தள்ளிடக் கூடாதுல்ல தம்பி" என்கிறார். அக்கா, காற்று அதைத் தள்ளாது. தூக்கும்.

கணக்கைச் சட்டென்று முடித்துவிடுகிறேன், ஓடிவிடாதீர்கள். வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நாலு மடங்கு. மணிக்கு 60 கிலோமீட்டரில் ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 17 கிலோ, 120இல் 68 கிலோ. அவ்வளவுதான்.

இப்போதுதான் விஷயமே. கடலிலிருந்து வரும் காற்று சுவரில் மோதி மேலே ஏறுகிறது, கூரை விளிம்பில் உடனே கூரையை ஒட்டித் திரும்ப முடியாமல் அதைவிட்டுப் பிரிந்து போகிறது, அந்த இடத்தில் அழுத்தம் குறைந்து ஷீட்டை மேலே உறிஞ்சுகிறது. உறிஞ்சல் ஓரத்திலும் மூலையிலும்தான் அதிகம், அதனால்தான் ஷீட் எப்போதும் மூலையில் கிளம்பும். எட்டடிக்கு மூன்றடி ஷீட் என்று வையுங்கள்: 120 கிலோமீட்டர் காற்றின் அழுத்தம் முழுதாக உறிஞ்சலாக மாறினால் சுமார் 150 கிலோ மேல்நோக்கி இழுக்கும். 2016 டிசம்பர் 12, வர்தா புயல் நினைவிருக்கிறதா? கிட்டத்தட்ட அந்த ரகக் காற்றுதான். ஷீட்டின் எடை பத்து கிலோ, நாலு செங்கல் பன்னிரண்டு கிலோ. டயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பாவம், அதுவும் உழைக்கிறது!

இதில் காற்று வரும் பக்கத்துக் கதவைத் திறந்துவைத்தால் இன்னும் மோசம். உள்ளே புகுந்த காற்று கீழிருந்து தள்ளும், வெளியே உறிஞ்சல் மேலிருந்து இழுக்கும், ஷீட்டுக்கு இரட்டை மரியாதை.

பேனர் விஷயமும் இதுதான், பத்தடிக்குப் பத்தடி பேனரில் அதே காற்று 600 கிலோவுக்கு மேல் தள்ளும், காற்று போக ஓட்டை போட்டாலும் பெரிதாகக் குறையாது என்பது என் கருத்து.

"அப்போ செங்கல்ல எடுத்துடவா?" என்றார் அக்கா. எடுத்துவிடுங்கள், ஷீட் கிளம்பினால் செங்கல் பக்கத்து வீட்டில்தான் விழும். வெல்டரைக் கூப்பிட்டு, ஓரத்தில் நெருக்கமாக ஜே போல்ட் (J மாதிரி வளைந்த கொக்கி போல்ட்) போட்டு ஷீட்டை இரும்புச் சட்டத்தோடு இறுக்குங்கள், சட்டத்தைச் சுவரோடு பிணையுங்கள்.

உங்கள் தெருவில் ஷீட் மேல் என்ன வைத்திருக்கிறார்கள்? கமெண்டில் போடுங்கள். தண்டையார்பேட்டையில் நான் ஆட்டுக்கல்லே பார்த்திருக்கிறேன்.